மகிழினிக்கும் ஒரு மதலை

மகிழினி செத்துப்போன செய்தி அந்த முந்திரிக் கொட்டகையில் ஷர்லி ஒருத்திக்குத்தான் தெரியும். காலையில் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் படித்தாள். படித்து முடித்ததும் அழுகை வரவில்லை. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தாள்.

மகிழினி யாருக்கும் சொந்தக்காரி இல்லை. எலும்பும் சதையுமாக எங்கும் இருந்தவளும் இல்லை. செல்போனில் வாராவாரம் வந்துகொண்டிருந்த ஒரு தொடர்கதையின் நாயகி. தாயில்லாப் பெண். மாமியார் சோற்றுத்தட்டைப் பிடுங்குகிறவள். புருஷன் வெளிநாடு போனவன், போனையும் எடுக்காதவன். இவளோ நிறைமாத வயிற்றோடு நிற்கிறாள். எழுதியவர் யாரோ, ஒரு வாரம்கூட அவளை நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை. கடைசி அத்தியாயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்து, குழந்தையை மட்டும் வெளியே எடுத்துவிட்டு அவளை முடித்துவிட்டார். எழுதி முடித்துவிட்டு அந்த மனுஷன் நிம்மதியாக ஒரு டீ குடித்திருப்பார். திருவரங்குளத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் இன்னொருத்தியின் உயிர் அந்த முடிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது?

ஷர்லி கதை வாசிக்க ஆரம்பித்ததே கைச் சுத்தத்தால்தான். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கிற பெண்களுக்குக் கையெல்லாம் சாம்பல்; சாம்பலுக்கு அடியில் ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த தோல். அந்தக் கையால் போனைத் தொட முடியாது. பருப்பைத் தரம் பிரிக்கிற ஷர்லிக்குத்தான் வெள்ளைக் கை. அதோடு அவள் பி.ஏ. வரைக்கும் போனவள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவள், தொண்டை கணீரென்று இருக்கும். ஒருநாள் பொழுதுபோகாமல் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினாள். அவ்வளவுதான், அன்றையிலிருந்து அவளை விடவில்லை. அவள் பங்கு வேலையைத் தோல் உரிக்கிற பெண்கள் பகிர்ந்துகொண்டார்கள், அவள் வாசித்தாள்.

முதலாளி ஆவுடையப்பன் தடுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு புகார் இருந்தது. "ஷர்லி, மாமியாக்காரி வர்ற அன்னைக்கு மட்டும் வாசிக்காத தாயி. பூராப் பருப்பும் ஒடஞ்சு போவுது." உண்மைதான். மாமியார் வாயைத் திறந்தால் கொட்டகையில் கட்டைகள் எல்லாம் ஓங்கி விழும். முழுப்பருப்பு வரவேண்டிய இடத்தில் குருணை வரும். மகிழினி பட்டினி கிடந்த வாரம் கொட்டை உடைக்கிற ஞானமணி தன் தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. "அவ அங்கிட்டு வெறும் வயித்தோட கெடக்கா, எனக்கு என்னடி எறங்கும்?" என்றாள். ஷர்லிக்கு அப்போது சிரிப்பு வந்தது. சிரித்த வாய்தான் இப்போது காய்ந்து கிடந்தது.

ஏனென்றால் ஞானமணியோடு உட்கார்ந்து கொட்டை உடைக்கிற காத்தாயி அழுவதோடும் பட்டினியோடும் நிற்கவில்லை. அவள் போய் அய்யனாரிடம் வேண்டிக்கொண்டாள்.

காத்தாயிக்கு ஒரே மகள், மோகனப்ரியா. அவளும் மகிழினி மாதிரியே தலைப்பிள்ளைக்காரி. அவள் புருஷன் சூர்யபிரகாஷும் வெளிநாட்டில்தான், சிங்கப்பூரில். அவன் நல்ல பிள்ளை, நாள் தவறாமல் பேசுவான். ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வயிறு வளர்ந்ததா, காத்தாயிக்குக் கதை எது, வீடு எது என்ற வேலி மெல்லச் சாய்ந்துவிட்டது. பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கத்தில் அய்யனாருக்கு மண்ணால் பிள்ளை உருவம் செய்து எடுத்துவைப்பார்கள். மதலை என்பார்கள். மகளுக்கு ஒரு மதலை வேண்டப் போனவள், மகிழினிக்கும் சேர்த்து ஒன்று வேண்டிவிட்டாள். "தாயில்லாப் புள்ள, அவளுக்கு வேற யாரு இருக்கா?" என்று கொட்டகையில் வந்து சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், இரண்டு பேர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வேண்டுதல் காசை மஞ்சள் துணியில் முடியும்போது இரண்டு பேர் காசையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டாள். 'ரெண்டு உசுரும் ஒண்ணு, சேத்துக் காப்பாத்து' என்று சொல்லிக் கட்டிவிட்டாள். கட்டிய முடிச்சை நிறைவேறும்வரை அவிழ்க்கக் கூடாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதாக ஷர்லி அன்றைக்கே நினைத்தாள், வாயைத் திறக்கவில்லை.

மோகனப்ரியாவுக்கு இப்போது கால் வீங்கி, கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறாள். பிரஷர் ஏறிக்கிடக்கிறது. கிராம நர்ஸ் அன்புமொழி நேற்று வந்து, புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்க்கணும், ஆபரேஷன்கூட வேண்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இன்று காலையில் மறுபடி போன் பண்ணித் திட்டினாள். காத்தாயி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"இன்னைக்கி மகிழு கதை முடியுதுல்ல? அவ பெத்துப் பொழைக்கட்டும். அதக் கேட்டுட்டு நா எம்மவளக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

மதியம் நெருங்கியது. கொட்டகைக்குள் வறுவல் புகை கண்ணைக் கரித்தது. பெண்கள் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு ஷர்லியைப் பார்த்தார்கள்.  உள்ளதை வாசித்தால் காத்தாயி மகளை ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட அனுப்பமாட்டாள். வாசிக்காவிட்டால்?

"நெட்டு வரல காத்தாயக்கா. நாளைக்கு வாசிக்கிறேனே. நீங்க மொதல்ல பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"அது எப்புடி? முடிவு தெரியாம நா கூட்டிக்கிட்டுப் போவ மாட்டேன். நெட்டு வரட்டும், நா இருக்கேன்."

காத்தாயி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஷர்லிக்கு மோகனப்ரியாவின் வீங்கிய பாதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. போன வாரம் பார்த்தபோது விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கால் இன்னும் வீங்குவதாகத் தோன்றியது.

"இந்தா, வந்துருச்சு," என்றாள்.

போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் மகிழினி செத்துக்கொண்டிருந்தாள். வாயில் வேறொரு மகிழினியைப் பிழைக்கவைக்க வேண்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரு பிரசவத்துக்கு எத்தனை பொய் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. மாதாவே, இந்த ஒரு தடவை, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"'காலையில் எழுந்தபோது மகிழினிக்குக் கண் மங்கலாகத் தெரிந்தது. இனியும் காத்திருக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்தாள்...'"

கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. தள்ளாவிட்டால் சந்தேகம் வரும். தள்ளத் தள்ள ரத்தம், அழுகை, வெள்ளைத்துணி என்று சொற்கள் கண்ணில் பட்டன. கண் பார்த்ததை வாய் சொல்லிவிடுமோ என்று பயந்து ஷர்லி பார்வையைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். மகிழினி பஸ் ஏறினாள். மகிழினி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

"'அவளுடைய அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு...'"

"யாரு?" என்றாள் ஞானமணி. "அவ ஆத்தாதான் முன்னாடியே செத்துப்போச்சே?"

 திரையில் ஷர்லியின் கட்டைவிரல் நின்றது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். காத்தாயியின் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"பொறுங்கக்கா, முழுசா வாசிக்க விடுங்க. 'அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவே மகிழினிக்குத் தோன்றியது'ன்னு போட்டுருக்கு."

காத்தாயி மூக்கைச் சிந்தினாள். "நிக்கத்தானே செய்வா. பெத்தவ செத்தா மட்டும் எங்க போயிருவா."

"ஆனா எழுத்து என்னமோ இன்னைக்கி வேற மாதிரி இருக்குடி," என்றாள் ஞானமணி விடாமல். "எப்பவும் நாலு தடவ அழுவ வப்பாரு."

"கடைசின்னு மனசு எளகிட்டாரு போல," என்றாள் ஷர்லி. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஆபரேஷன் ஆனது. மேசையில் விளக்கு எரிந்தது. குழந்தை அழுதது. மகிழினி கண் திறந்து பார்த்தாள். அந்த இடத்தில் ஷர்லி சும்மா இரண்டு மூச்சு நிறுத்தினாள்.  "'தாயும் பிள்ளையும் நலம் என்றாள் நர்ஸ். முற்றும்.'"

யாரும் கத்தவில்லை. ஒருத்தி கறுத்த புறங்கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் சாம்பலாக்கிக்கொண்டாள். ஞானமணி தூக்குச்சட்டியைத் திறந்தாள். காத்தாயி எழுந்து அய்யனார் இருக்கும் திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே, "ஏ ஷர்லி, அந்த நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போடு புள்ள, வண்டி அனுப்பச் சொல்லு. நீயும் கூட வா. ஒனக்குத்தான் நாலு எழுத்து தெரியும்," என்றாள்.

முடிந்தது என்று நினைத்தாள் ஷர்லி. பொய் பலித்துவிட்டது, இனி டாக்டர் பாடு.

ஆனால் வீட்டில் மோகனப்ரியா கட்டிலை விட்டு எழமாட்டேன் என்றாள். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதிப்போய், கண் சின்னதாகியிருந்தது. காத்தாயி கெஞ்சினாள், அதட்டினாள், மகிழு பிழைத்த கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். "கேட்டியாடி? பொழச்சுட்டா! தாயும் புள்ளையும் நலம்னு கடைசிவரியே அதான்! ஷர்லியக் கேளு!" மோகனப்ரியா அம்மாவின் முகத்தையே வெறித்துப் பார்த்தாள். பிறகு, "ஸ்கேன் பேப்பரெல்லாம் பக்கத்து வீட்டு அலமாரில இருக்கும்மா. எடுத்துட்டு வா," என்றாள்.

காத்தாயி ஓடினாள். மோகனப்ரியா குரலைத் தாழ்த்தினாள்.

"மகிழினி செத்துட்டால்லக்கா."

 ஷர்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அதத்தான் படிக்கிறேன்க்கா, ஆரம்பத்துலேர்ந்து. அம்மாவுக்குத் தெரியாது. காலையிலேயே முடிச்சுட்டேன். கீழ கமென்ட்டு பூராவும் படிச்சேன். எத்தன பேரு அழுதுருக்காங்க தெரியுமா? ஒரு அக்கா சோறே திங்கலயாம். ஒருத்தரு, அவ சாவாம இருந்திருந்தா கதை இவ்ளோ நல்லா இருந்திருக்காதுன்னு போட்டுருக்காரு." அவள் உதடு கோணியது. "எனக்குப் பயமா இருக்குக்கா. நா அந்த மேசைல ஏற மாட்டேன். ஏறுனா எனக்கும் அப்புடித்தான் எழுதிருக்கும்."

 அது வெறும் கதை என்று ஷர்லி சொல்லலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தான் தவறவிட்டதும் அதே வெறும் கதைக்குத்தானே? தெரு முனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மோகனா," என்றாள் உள்ளபடியே. "ஒங்கம்மாகிட்ட நா பொய்தான் வாசிச்சேன். வேற வழி தெரியல."

 மோகனப்ரியா கட்டில் சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

"அம்மா மூஞ்சியப் பாத்தீங்களாக்கா? இத்தன நாள்ல அது சிரிச்சு நா பாக்கல." இன்னொரு கையையும் எடுத்தாள். "அத எனக்கும் வாசிங்க. நீங்க வாசிச்சதையே. வாசிச்சா வாரேன்."

ஆம்புலன்ஸ் புதுக்கோட்டையை நோக்கிப் போனது. உள்ளே அன்புமொழி ஒரு பக்கம் பிரஷர் பார்த்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு என்று கேட்டதற்கு, "நீங்க பேசிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பதில் ஷர்லியை இன்னும் பயமுறுத்தியது. போனில் சார்ஜ் இறங்கித் திரை அணைந்திருந்தது. அணைந்த போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவள் வாசித்தாள். வண்டி குலுங்கிய இடத்தில் மகிழினியின் பஸ்ஸையும் குலுங்கவைத்தாள். போன தடவை விட்டுப்போன இடங்களையெல்லாம் நிரப்பினாள். காத்தாயி இரண்டாம் முறை கேட்கிறவள் மாதிரியே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் "ம்" கொட்டினாள். மோகனப்ரியா, எல்லாம் தெரிந்தவள், கண்ணை மூடிக்கொண்டு, பொய்யின் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள்.

குழந்தை அழுத இடத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"புள்ளைக்கு என்னக்கா பேரு வச்சா?"

 அதை ஷர்லி யோசிக்கவே இல்லை. வாயைத் திறப்பதற்குள் மோகனப்ரியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"இப்பச் சொல்லாதீங்க. வெளிய வந்து கேக்குறேன். சொல்லிட்டீங்கன்னா கதை முடிஞ்சு போயிரும்."

ஆஸ்பத்திரியில் தாமதமே இல்லை. எடுத்த எடுப்பில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. வெளியே வராந்தாவில் வெயில் ஜன்னல் கம்பிகளோடு தரையில் விழுந்து கிடந்தது. காத்தாயி இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் முடிச்சைத் தொட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, நிம்மதியாக உட்கார்ந்தாள். ஷர்லியால் உட்கார முடியவில்லை. யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போனவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது தன் பொய் அல்லவா? கூட்டிக்கொண்டு வராமல் இருந்திருந்தாலும் தன் வாசிப்புதானே கொன்றிருக்கும்? இரண்டு பக்கமும் எரிகிற கொள்ளிக்கட்டையில் மாட்டிய எறும்புக்காவது யார் தீ வைத்தார்கள் என்ற கேள்வி இல்லை. பேர் ஒன்று யோசித்து வைக்கலாம் என்று பார்த்தாள். ஒரு பேரும் வரவில்லை. பேர் யோசித்தால் கதை முடிந்துவிடும் என்ற பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

காத்தாயி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கிட்டு வந்து ஒக்காரு. நீ ஏன் புள்ள இம்புட்டுப் பயப்படுற? ஒனக்குத்தான் முடிவு தெரியுமே."

ஷர்லி உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. "மோகனப்ரியா கூட வந்தவங்க யாரு?" என்றாள் ஒரு நர்ஸ். மகிழினியின் கதையில் சாவுச் செய்தியும் இதே கேள்வியோடுதான் ஆரம்பித்தது. ஷர்லிக்குக் காது அடைத்தது. காத்தாயி எழுந்து நர்ஸிடம் போய்விட்டாள். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். நர்ஸின் வாய் அசைந்தது, கையில் ஒரு துணிப்பொதி இருந்தது, காத்தாயி அதை வாங்காமல் நர்ஸின் முகத்தையே பார்த்தாள்.

"எம்மவ?"

"நல்லா இருக்காங்கம்மா. பிரஷர் எறங்க ரெண்டு நாள் ஆவும், பாத்துக்கிட்டே இருப்போம். சரியான நேரத்துக்குக் கொண்டாந்தீங்க. பொண்ணு. பிடிங்க."

சாயங்காலம் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். மோகனப்ரியா வெளிறிப்போய், உதடு காய்ந்து, ஆனால் உயிரோடு இருந்தாள். ஷர்லியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் சொல், "பேரு?"

"இன்னும் வைக்கல," என்றாள் ஷர்லி. "நீ வந்து ஒரு பேரு சொல்லுவேன்னு மகிழினி காத்துக்கிட்டு இருக்கா."

மோகனப்ரியா சிரிக்கப் பார்த்தாள். தையல் வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூடிய கண்ணோடு ஷர்லியின் வெள்ளைக் கையைத் தேடிப் பிடித்தாள்.

வராந்தாவுக்குத் திரும்பியபோது காத்தாயி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் மதலை செய்கிற வேளாருக்குச் சொல்லி அனுப்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு மதலையும் ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். மகிழினிக்கு யாரும் இல்லை என்று சின்னதாகச் செய்துவிடக் கூடாதாம். ஷர்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து பயம் அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியாகிவிட்டது. பஸ்ஸில் படித்த வரிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக அவளுக்குள் இறங்கின. வெள்ளைத்துணி. விளக்கு. கைபிடிக்க ஆளில்லாமல் அந்த மேசையில் தனியாகக் கிடந்தவள். கடைசிவரை யாரும் காப்பாற்றாத பெண். அவள் செத்தது தெரிந்தும் அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட நேரமில்லாமல் போய்விட்டதே என்று நினைத்த உடனே ஷர்லிக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

காத்தாயி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சாம்பலும் எண்ணெயும் போகாத கறுத்த கை ஷர்லியின் முதுகைத் தடவியது.

"கிறுக்கி, எதுக்குடி அழுவுற? அதான் ரெண்டு பேரும் பொழச்சுட்டாளுகல்ல."